முன்மாதிரி ரத்தம்

தனசிங்குக்கு எந்த நோயும் கிடையாது. கிடையாது என்பது ஆபீஸில் தெரிந்துபோனதுதான் அவருக்கு வந்த கேடு.

வயது ஐம்பத்தொன்று. போலாரத்தில் ராணுவ பங்களாக்களைத் தாண்டி ஒரு சின்ன வீடு. தாத்தா பட்டாளத்தோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து செகந்திராபாத்தில் ஊன்றிவிட்டதால், அந்த வீட்டில் ஜெபம் தமிழில், பேரம் ஹிந்தியில், சண்டை எல்லா மொழியிலும். மனைவி யூனிஸ் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகள் பிளெசி காலேஜில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் தெலுங்கில்.

சனத்நகரில் பம்பு செய்யும் ஒரு பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தவர் தனசிங். அந்தப் பட்டறை மூச்சை விட்டதும், அந்தக் காலத்து ஹைதராபாத்தில் எல்லோரும் போன திசையில் அவரும் போனார். மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பராமரிப்பு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஏசி, லிஃப்ட், ஜெனரேட்டர் மூன்றும் அவர் பொறுப்பு. கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னால் வீடு தேடி ஓட்ஸ் பாக்கெட் வரும்.

அவருக்கு ஒரே ஒரு பயம் உண்டு. அப்பா ஐம்பத்திரண்டு வயதில் போனவர். சர்க்கரை முற்றி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கட்டிலில் கிடந்து போனார். அந்த வயதைக் கைகால் சுகத்தோடு தாண்டிவிட வேண்டும் என்பதுதான் ஞாயிறுதோறும் சர்ச்சில் தனசிங் வைக்கும் விண்ணப்பம். கடவுளும் அதுவரை கண்ணியமாகவே நடந்துகொண்டார்.

மதியச் சாப்பாடு கேன்டீனில் ஜன்னலோர மேஜையில். கூட இரண்டு பேர். ஒருவன் கணேஷ்குமார், கோயம்புத்தூர்ப் பையன், புரோகிராம் எழுதுகிறவன். இன்னொருவர் யாதகிரி, கரீம்நகர்க்காரர், பார்ஸல் தபால் பிரிவு. மூன்று டப்பாவும் திறந்து மேஜை நடுவில் வந்துவிடும். அந்த மேஜைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: முதல் வாய் யாரும் தன் டப்பாவிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் அது அற்பத்தனம். ஆகவே தனசிங்கின் மதியம் யாதகிரி வீட்டு சோள ரொட்டியிலும் புளிச்சகீரைப் பச்சடியிலும் தொடங்கி, கணேஷ்குமாரின் அரிசி பருப்பு சாதத்துக்குப் போய், கடைசியில்தான் யூனிஸ் வைத்த மீன் குழம்புக்கோ தேங்காய்ப்பால் சொதிக்கோ வந்து சேரும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். பேச்சு நிறைய. மூவரும் பேசிக்கொண்டே சாப்பிடுவதால் வயிறு நிறைந்ததும் தெரிந்துவிடும்; அதற்கு மேல் யாரும் தின்பதில்லை.

இந்த நிலையில் இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் கம்பெனிக்கு ஓர் அமெரிக்க கிளையன்ட் வந்தார். போகிற போக்கில், "உங்கள் ஊழியர்களின் உடல்நலத்துக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். மனிதவளத் துறையின் வைஸ் பிரசிடென்ட் சந்திரமோகன், "எங்களிடம் ஒரு நலவாழ்வுக் கவுன்சில் இருக்கிறது" என்றார். அவர் சொன்னபோது அப்படி ஒன்று இல்லை. வைஸ் பிரசிடென்ட் பொய் சொல்லக் கூடாது என்பதால் மறுநாள் அது ஏற்படுத்தப்பட்டது.

சந்திரமோகன் சென்னைக்காரர். நல்ல மனிதர்தான். எதையும் முழுமனதாக நம்புவார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு. கவுன்சிலுக்கு உணவு ஆலோசகராக அனுபமா என்ற பெண்ணை நியமித்தார். அனுபமா எதைப் பார்த்தாலும் அதில் எத்தனை கலோரி என்று சொல்லிவிடுவாள். யாராவது சிரித்தபடி பிறந்தநாள் கேக் நீட்டினால் கேக்கின் கணக்கைச் சொல்வாள், சிரிப்பு நின்றுவிடும்.

கவுன்சில் முதல் காரியமாகக் கேன்டீனைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பிரதேசங்களாகப் பிரித்தது. பச்சையில் முளைகட்டிய பயறும் வெள்ளரிக்காயும். மஞ்சளில் இட்லி, சந்தேகத்தின் பலனைப் பெற்று. சிவப்பில் சமோசா, வடை, பூரி. வீட்டிலிருந்து கொண்டுவரும் டப்பாக்களை என்ன செய்வது என்று மூன்று கூட்டம் போட்டு விவாதித்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாத எல்லாப் பண்டங்களும் சிவப்பு என்று முடிவாயிற்று. சிவப்புப் பிரதேசத்தைக் கிளையன்ட் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றும்படி தனசிங்குக்கு உத்தரவு வந்தது. அவர் தரைத்தளத்துக்குக் கீழே, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், பழைய மேஜைகளைக் கொண்டுபோய்ப் போட்டார். ஜன்னலோர மேஜையும் அதில் ஒன்று. டப்பா நண்பர்கள் மூவரும் டீசல் வாசனையில் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"பரவால்லீங்கண்ணா, இங்க மேனேஜர் வரமாட்டாருங்க," என்றான் கணேஷ்குமார். இரண்டே நாளில் டீசல் வாசனையும் பழகிவிட்டது.

பிறகு ரத்தப் பரிசோதனை வந்தது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்றார்கள். ஆறாயிரம் பேரும் கையை நீட்டினார்கள். முடிவுகளைக் கம்பெனியே எழுதிய ஒரு மென்பொருளில் போட்டார்கள். அது எல்லோரையும் வரிசைப்படுத்தி முதல் ஆளை 'நலவாழ்வு முன்மாதிரி' என்று அறிவிக்கும். மனிதக் கை படாத தேர்வு, யாராலும் மாற்ற முடியாது என்று சந்திரமோகன் பெருமையாகச் சொன்னார்.

மென்பொருள் தனசிங்கைத் தேர்ந்தெடுத்தது.

கவுன்சில் அறைக்கு அவரை அழைத்தபோது லிஃப்ட் ரிப்பேர் என்று நினைத்து ஸ்குரூ டிரைவரோடு போனார். சந்திரமோகன் எழுந்து கைகொடுத்தார்.

"மிஸ்டர் தனசிங், உங்க ரத்தம் இருக்கே, அது வெறும் ரத்தம் இல்ல. நம்ம கம்பெனியோட பிராண்ட்."

"சார், நான் ஒண்ணும் செய்யல சார்," என்றார் தனசிங் பதறிப்போய்.

"அந்த அடக்கம்தான் வேணும். சொல்லுங்க, என்ன சாப்பிடறீங்க? அனுபமா, குறிச்சுக்குங்க."

"காலைல இட்லி சார். சில நாள் பிரெட்டும் ஆம்லெட்டும். மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. சாயங்காலம் இரானி ஹோட்டல்ல ஒரு டீ, ரெண்டு உஸ்மானியா பிஸ்கட். ஞாயித்துக்கிழமை மட்டன். கிறிஸ்மஸ்னா யூனிஸ் கேக் பண்ணுவா, அதுல கொஞ்சம் ஜாஸ்தி போயிரும்."

அனுபமாவின் பேனா நின்றது. அவள் சந்திரமோகனைப் பார்த்தாள். சந்திரமோகன் கூரையைப் பார்த்தார்.

"இவர் சொல்றதை வெளிய விட முடியாது சார்," என்றாள் அனுபமா. "இதைச் சாப்பிட்டு ஒருத்தர் ஆரோக்கியமா இருக்கார்னு தெரிஞ்சா, என்னை எதுக்கு வேலைக்கு வெச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க."

"கரெக்ட்," என்றார் சந்திரமோகன். "ரிசல்ட் சரியா இருக்கு. டயட்தான் தப்பா இருக்கு. ரிசல்ட்டுக்கு ஏத்த மாதிரி டயட்டை மாத்திடலாம்."

தனசிங்குக்குப் புரியவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய பையனை வேறு பாடம் படிக்கச் சொல்வதுபோல இருந்தது. ஆனால் பெரியவர்கள் இரண்டு பேர் அவ்வளவு தெளிவாகப் பேசும்போது புரியாதவன் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணித் தலையாட்டினார்.

மறுவாரம் போட்டோ எடுத்தார்கள். தனசிங் கையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கொடுத்தார்கள். கேமராவுக்கு அது சுவருக்குப் பூசும் பட்டிபோலத் தெரிந்ததால், போட்டோகிராபர் அதைக் கொட்டிவிட்டு வெனிலா ஐஸ்கிரீம் நிரப்பினார். அதைப் பார்த்த சந்தோஷத்தில் தனசிங் முகத்தில் உண்மையான ஒளி வந்தது. 'என் ஒளிக்குக் காரணம் ஓட்ஸ்' என்ற வாசகத்தோடு அந்தப் படம் ஒவ்வொரு லிஃப்ட்டிலும் ஒட்டப்பட்டது. போட்டோ முடிந்ததும் கிண்ணத்தை அவரே காலி செய்தார். முன்மாதிரியாக இருந்த காலத்தில் அவர் விரும்பிச் சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான்.

ஏனென்றால் அதற்கடுத்த திங்கட்கிழமை கேன்டீன் நடுவில் ஒரு கண்ணாடி அறை எழும்பியது. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தனி ஏசி. தினமும் மதியம் தனசிங் அதற்குள் உட்கார்ந்து ஓட்ஸ், அவித்த பீன்ஸ், அரை ஆப்பிள் சாப்பிட வேண்டும். மற்றவர்கள் பார்க்க வேண்டும். திறப்பு விழாவில் சந்திரமோகன் இங்கிலீஷில் ஆற்றிய உரையைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நண்பர்களே! ஆறாயிரம் பேரின் சாப்பாட்டை மாற்றுவது என்றால் ஆகும் செலவு உங்களுக்குத் தெரியும். கேன்டீனில் நல்ல எண்ணெய் வாங்க வேண்டும். புதுக் காய்கறி வாங்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிட உங்களுக்கு நேரம் தர வேண்டும். இதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் ஒரே ஒருவர் நன்றாகச் சாப்பிட, அதை ஆறாயிரம் பேர் பார்த்தால்? விழிப்புணர்வு ஆறாயிரம் மடங்கு. செலவு ஒரு கிண்ணம்! இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு எந்தக் கம்பெனிக்கும் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்."

எல்லோரும் கைதட்டிவிட்டு, அதே பழைய எண்ணெயில் பொரித்த பூரி வாங்கக் கீழே இறங்கினார்கள்.

முதல் நாள் தனசிங் ஒரு வாய் ஓட்ஸ் எடுத்து வாயில் வைத்தார். அது விழுங்கும்படியும் இல்லை, மெல்லும்படியும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே புதிதாகச் சேர்ந்த டிரெயினிகளை வரிசையாக நிறுத்தி அனுபமா விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் மென்றால் அவள் வாயைக் காட்டினாள்; விழுங்கினால் தொண்டையைக் காட்டினாள். நேரு மிருகக்காட்சிசாலையில் வேர்க்கடலை போட்டதும் தின்னும் குரங்கைத் தான் அப்படித்தான் பிளெசிக்குக் காட்டியிருக்கிறோம் என்ற ஞாபகம் வந்தது. அந்தக் குரங்கிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

ஓட்ஸின்மேல்கூட அவருக்குப் பெரிய கோபம் இல்லை. தனியாகத் தின்பதுதான் தாங்கவில்லை. பிளெசியின் பரீட்சை மார்க், யாதகிரியின் எருமை, கணேஷ்குமாருக்குப் பெண் பார்க்கும் படலம் எதையும் பேச ஆளில்லை. அவசரமாக விழுங்கிவிட்டு வெளியே வந்துவிடுவார். நாலு மணிக்கெல்லாம் குடல் கூப்பாடு போடும். பஸ் ஏறும் இடத்தில் ஒரு பொட்டலம் மிர்ச்சி பஜ்ஜி. இரானி ஹோட்டலில் ரெண்டு பிஸ்கட் என்பது ஒரு பாக்கெட் ஆயிற்று. வீட்டுக்குப் போனால் சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"என்னங்க, டப்பாவை அப்படியே கொண்டாந்துட்டீங்க?" என்றாள் யூனிஸ், முதல் வாரத்தில்.

"தொடக் கூடாதுன்னுட்டாங்க யூனிஸ். நான் முன்மாதிரியாம்."

"கைக்கு? எதுக்கு? என் சமையல்ல விஷமா இருக்கு?"

"ஹவ், ஆமா, அவங்க சொல்றதைப் பாத்தா அப்படித்தான் தெரியுது."

யூனிஸ் டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து டப்பா கட்டுவதையும் நிறுத்திவிட்டாள். பிளெசி லிஃப்ட் போஸ்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு, "டாடி, யூ ஆர் எ மாடல்!" என்று துள்ளினாள். அவளுடைய சந்தோஷம் ஒன்றுதான் அந்தக் காலத்தில் மிச்சம்.

மாதங்கள் போயின. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. லிஃப்ட்டைச் சரிபார்க்க மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. தூக்கம் கெட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் பிடித்துக்கொள்ள, ஒரு சனிக்கிழமை போலாரத்தில் தங்கள் குடும்ப டாக்டர் சகுந்தலாவிடம் போனார். அந்த அம்மாள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். ரத்தத்தையும் பார்த்துவிட்டு இன்னும் சுளித்தாள்.

"என்ன தனசிங், இத்தன வருஷம் ஒழுங்கா இருந்தீங்களே? பிரஷரும் ஏறியிருக்கு, சர்க்கரையும் ஏறிட்டு வருது. உங்க அப்பா கதை ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு டாக்டர்."

"அப்படி என்ன புதுசா ஆரம்பிச்சீங்க?"

"ஆரோக்கியம் டாக்டர்," என்றார் தனசிங்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பாவின் இடது கைதான் கண்ணில் நின்றது. போர்வைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல அது கிடக்கும். திங்கட்கிழமை நேராக சந்திரமோகன் அறைக்குப் போனார்.

"சார், என்னை விட்ருங்க சார். இந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கல. பிரஷர் வந்திருச்சு."

சந்திரமோகன் சிரித்தார். "இம்பாஸிபிள். நீங்க முன்மாதிரி. உங்களுக்கு பிரஷர் வராது. வந்த மாதிரி உங்களுக்குத் தோணுது, அவ்வளவுதான். அடுத்த மாசம் டோக்கியோலேருந்து டீம் வருது, கொஞ்சம் பளிச்சுனு சட்டை போட்டுட்டு வாங்க."

அரையாண்டுப் பரிசோதனையில் உண்மை வெளியே வந்தது. ஆறாயிரம் பேர் வரிசையில் தனசிங் கிட்டத்தட்ட வாலில் இருந்தார். கவுன்சில் அவசரமாகக் கூடியது. தனசிங்கை நிற்க வைத்தார்கள்.

அனுபமாதான் முதலில் பேசினாள். "டயட் ஃபெயிலாகல சார். டயட் பேப்பர்ல இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு. இவர் உடம்புதான் ஒத்துழைக்கல."

"நாம எவ்வளவு நம்பினோம்," என்றார் சந்திரமோகன். அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "மிஸ்டர் தனசிங், கவுன்சில் ஒரு முடிவு எடுத்தா அது தப்பாகாது, ஏன்னா தப்பான முடிவை நாங்க எடுக்கறதே இல்ல. அப்போ தப்பு எங்க இருக்கு? உங்க ரத்தத்துல இருக்கு. ஆபீஸ்ல எங்க முன்னாடி ஒரு ரத்தம், வீட்டுல வேற ரத்தம். இது துரோகம் இல்லையா?"

தண்டனையை அனுபமா வாசித்தாள். தனசிங் உடனடியாகச் சிவப்புப் பிரிவுக்கு இறக்கப்படுகிறார். அடுத்த ஆண்டுப் பரிசோதனைவரை பூட்டியிருக்கப்போகும் கண்ணாடி அறைக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. ஓட்ஸ் பெறும் தகுதியை இழக்கிறார். இனிமேல் அவர் வீட்டிலிருந்து கொண்டுவருவதைத் தின்றுகொண்டு ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும்.

தனசிங் தலை குனிந்து நின்றார். சிரிப்பை அடக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. லிஃப்ட் போஸ்டர்கள் வருஷம் முழுவதற்கும் அச்சடித்தவை என்பதால் கிழிக்கவில்லை. முகத்தை மட்டும் வெட்டியெடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு தனசிங் தொடர்ந்து மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் யூனிஸ் பழைய டப்பாவைத் தேடியெடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். "திரும்பப் போச்சொன்னா நக்கோ, முடியாதுன்னு சொல்லுங்க, ஆமா," என்று மிரட்டிக்கொண்டே நெத்திலிக் குழம்பை ஊற்றினாள்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் யாதகிரியும் கணேஷ்குமாரும் அவரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஆவ் அன்னா, ஆவ்!" என்று வரவேற்று யாதகிரி கட்டிக்கொண்டார். ரொட்டியைப் பிய்த்துப் பச்சடியில் தோய்த்து அவரே தனசிங்கின் வாயில் வைத்தார். அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும் தனசிங்குக்குக் கண் நிறைந்துவிட்டது. காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். கணேஷ்குமாருக்குப் பெண் அமைந்துவிட்ட செய்தியை அன்றுதான் கேட்டார். அவ்வளவு நேரம் பேசி, அவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டு, அவ்வளவு வயிறு நிறைந்த நாள் சமீபத்தில் இல்லை. சாயங்காலம் இரானி ஹோட்டலில் இரண்டு பிஸ்கட்டோடு எழுந்துவிட்டார்.

ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள் வந்தது. ஒன்றும் நேராமல் போனது. அடுத்த ஆண்டுப் பரிசோதனைக்குச் சில நாள் முன்பு டாக்டர் சகுந்தலா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"பழையபடி ஆயிட்டீங்களே! ரத்தமும் சுத்தமா இருக்கு. என்ன மாத்தினீங்க?"

"மாத்தினதை விட்டுட்டேன் டாக்டர்."

யூனிஸ் வீட்டு வாசலிலேயே ஸ்தோத்திரம் சொன்னாள். தனசிங் மட்டும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னங்க, சந்தோஷப்படாம?"

"யூனிஸ், வர்ற வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ரத்தம் எடுக்காங்க. இந்த ரத்தத்தோட போனா நான்தான் ஃபர்ஸ்ட். திரும்பக் கண்ணாடிக்குள்ள போட்ருவாங்க."

பிளெசிதான் வாயைத் திறந்தாள். "டாடி, சிம்பிள். ஃபாஸ்டிங்தானே? ஜிலேபி தின்னேசி வெள்ளண்டி!" ஜிலேபி தின்றுவிட்டுப் போங்கள் என்று மகள் தெலுங்கில் சொன்னாள், விஷயம் பெரியது என்பதால் இங்கிலீஷ் போதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தனசிங் மறைந்து மறைந்து பக்கத்துத் தெருவிலிருந்த மிட்டாய்க் கடைக்குப் போனார். கடைவாசலில் கூட்டம் நெட்டித் தள்ளியது. எல்லோர் கழுத்திலும் கம்பெனி அடையாள அட்டை. யாதகிரி கையில் குலாப் ஜாமூன் கிண்ணம். கணேஷ்குமார் இரண்டு கையிலும் ஜிலேபி.

"போன தடவ நான் நாலாவதுங்கண்ணா," என்றான் கணேஷ்குமார், வாய் நிறைய. "அடுத்த மாசம் கல்யாணமுங்க. கண்ணாடிக்குள்ள உக்கார முடியுங்களா?"

கடைக்காரர் இரண்டாம் அண்டா பாகு ஏற்றினார். தனசிங் பிதாவுக்கு ஒரு மன்னிப்பும் ஜிலேபிக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அது சூடாக இருந்தது. பாவம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்த வருஷத்து முடிவைப் பார்த்து ஆஸ்பத்திரிக்காரர்களே அரண்டுபோனார்கள். கம்பெனி மொத்தமும் சர்க்கரை. சந்திரமோகன் உடனே கூட்டம் கூட்டினார். "நண்பர்களே, நிலைமை பயங்கரமாக இருக்கிறது, ஆகவே கவுன்சில் வெற்றிகரமாக வளர்ந்து வருகிறது. போன வருஷம் உங்களில் பாதிப்பேர் ஆரோக்கியமாக இருந்தீர்கள். அப்போது நாங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தோம். இனி அந்தக் கவலை இல்லை. கவுன்சிலுக்கு ஒரு மாடி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார்கள்!" என்று முழங்கிவிட்டு, மென்பொருளின் பொத்தானைத் தானே அழுத்தினார். புது முன்மாதிரியின் பெயர் திரையில் பெரிதாக வந்தது.

அன்று காலை உண்மையாகவே வெறும் வயிற்றோடு வந்த ஆள் கம்பெனியில் ஒருவர்தான் இருந்தார். எதையும் முழுமனதாக நம்புகிறவர் அவர். திரையில் இருந்தது அவர் பெயர்.

சந்திரமோகன் அந்தப் பொத்தானை மறுபடி இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். மனிதக் கை பட்டாலும் மென்பொருள் மாறவில்லை. கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. முதலில் தட்ட ஆரம்பித்தவர்கள் ஜெனரேட்டர் அறைக்காரர்கள். அனுபமா கிண்ணத்தைக் கொண்டுவந்து பயபக்தியோடு நீட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், கண்ணாடி அறையில் ஏசி ஓடவில்லை என்று தனசிங்குக்கு போன் வந்தது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே சந்திரமோகன் இளைத்து, கண் உள்ளே போய், கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே கிளையன்ட் கூட்டம் ஒன்று அவர் விழுங்குவதற்காகக் காத்திருந்தது.

"தனசிங்," என்றார் அவர், உதடு அசையாமல். "இன்னிக்கு உங்க டப்பாவுல என்ன?"

"சொதி சார். இஞ்சிப் பச்சடி."

சந்திரமோகன் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்கியது. வெளியே அனுபமா அந்தத் தொண்டையைக் காட்டி ஏதோ விளக்கினாள்.

தனசிங்குக்குப் பழைய கோபம் கொஞ்சம் பாக்கி இருந்தது. 'துரோகம்' என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் அந்த நாற்காலி அவருக்குத் தெரிந்த நாற்காலி. அதில் ஒருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே போக முடியவில்லை. வெளியே வந்து, ஏசியில் வாயுக் கசிவு, உயிருக்கு ஆபத்து, எல்லோரும் தள்ளிப் போங்கள் என்றார். கிளையன்ட்டுகள் ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் அனுபமா ஓடினாள். கண்ணாடியின் நாலு பக்கமும் பெயின்ட் அடிப்பவர்கள் விரிக்கும் பழைய துணியைத் தொங்கவிட்டார். கருவிப் பைக்குள்ளிருந்து டப்பா வெளியே வந்தது.

மூடியைத் திறந்ததும் தேங்காய்ப்பால் மணம் அந்த அறையை நிறைத்தது. சந்திரமோகன் டப்பாமேல் பாய்ந்தார். தனசிங் அவரைச் சாப்பிட விட்டார். பாதி டப்பா காலியான பிறகுதான் சந்திரமோகன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சாப்பிடலையா?"

"சாப்பிடணும் சார். ஆனா எங்க மேஜைல ஒரு சட்டம். முதல் வாய் அவங்கவங்க டப்பாவுல எடுக்கக் கூடாது. அடுத்தவங்களோடத எடுக்கணும்."

சந்திரமோகன் சுற்றுமுற்றும் பார்த்தார். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கூச்சத்தோடு கிண்ணத்தைத் தனசிங் பக்கம் நகர்த்தினார்.

தனசிங் ஒரு கரண்டி ஓட்ஸ் எடுத்து, அதன்மேல் கொஞ்சம் சொதியை ஊற்றி, வாயில் போட்டு மென்றார். மென்றபடியே யோசித்தார். இவ்வளவு நாள் இதைத் திட்டியது தப்போ என்று தோன்றியது.

"எப்படி இருக்கு?" என்றார் நலவாழ்வுக் கவுன்சிலின் தலைவர், பயந்தபடி.

"பக்கத்துல ஆள் இருந்தா இறங்குது சார்," என்றார் தனசிங். "நாளைக்கும் ஏசி ரிப்பேர்னு போன் பண்ணுங்க. மத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன்."